காலபோகத்தின் பொருளாதாரம்

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களில் காசைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாதவன், நாங்கள் காலபோகம் என்று பட்டம் வைத்திருந்த நண்பன்தான் என்று எங்கள் விடுதி ஒருமனதாகத் தீர்ப்பு எழுதியிருந்தது. அவன் படித்த பாடம் பொருளியல்.

வட்டக்கச்சியில் வயல் செய்யும் கமக்காரர் வீட்டுப் பிள்ளை. மாரியில் விதைத்து மாசியில் வெட்டும் பெரிய வெள்ளாமைக்குக் காலபோகம் என்று பெயர். அது முடிந்ததும் அவனுடைய ஐயா வருடச் செலவுக் காசு முழுவதையும் ஒரே மணியோடரில் அனுப்பிவிடுவார். அன்று இவனைப் பிடிக்க முடியாது. குளிக்கிற சவர்க்காரம் பெட்டியாக வரும், நெருப்புப்பெட்டி பொதியாக வரும்.

“நீ சிகரெட்டும் பத்திறதில்லை, அடுப்பும் மூட்டிறதில்லை. உனக்கேன் மச்சான் இவ்வளவு நெருப்புப்பெட்டி?” என்று கேட்டேன்.

“சூடடிச்ச உடன வருசத்துக்குச் சாமான் வாங்கிப் போடவேணும். வீட்டில அப்பிடித்தான்.”

கதிர்களை மாடு விட்டு மிதிப்பித்து நெல் பிரிப்பதுதான் சூடடிப்பது. புது நெல் வந்தால் அயலுக்குச் சோறு போடுவதும் அவர்கள் வழக்கம். இவனுக்கு அயல் என்பது விடுதியின் மேல்மாடி முழுவதும். எல்லோரையும் ஊர்வலமாகச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போவான். சித்திரை பிறக்குமுன் கையில் சல்லி மிஞ்சாது. அதற்காக அவன் முகம் வாடியதும் கிடையாது. தேநீர்க் கடைக்காரரிடம் போய், “அண்ணை, அடுத்த வெட்டோட தாறன்” என்பான். அந்த மனிதரோ மலைநாட்டில் பிறந்து, வயலை ரயில் ஜன்னலால் மட்டும் கண்டவர்.

நான் சம்பள வீட்டுப் பிள்ளை. என் ஐயா கிளிநொச்சியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கோப்பு எழுதும் லிகிதர். சம்பள நாளன்றே அம்மா காசை உறைகளில் பிரித்து, அரிசி, பால், வாடகை என்று எழுதி அலுமாரியில் அடுக்கிவிடுவார். அந்த உறைகளைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு நிதி மந்திரி என்ற நினைப்பு.

ஒருநாள் விரிவுரையாளர் குடும்ப வரவுசெலவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காலபோகம் எழுந்து, “சேர், வரவு மாதாமாதம் வருமெண்டு ஆர் சொன்னது?” என்றான். வகுப்பின் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

இறுதி ஆண்டில் என் ஐயா நோயில் விழுந்தார். லீவு முடிந்து சம்பளம் நின்றது. உறைகள் வெறுமையாகின. படிப்பை விட்டு வா என்று அம்மா எழுதவில்லை, எழுதவும் மாட்டார். நானே பெட்டியைக் கட்டினேன். காலபோகம் கூடவே புறப்பட்டான். கிளிநொச்சியில் இறங்கியதும் என்னை வீட்டுக்குப் போக விடாமல் வட்டக்கச்சிக்கு இழுத்துப் போனான்.

“ஐயா, இவன்ர வீட்டு வெள்ளாமை அழிஞ்சுபோச்சு” என்றான் தகப்பனிடம்.

எங்களிடம் இருந்த ஒரே பயிர் ஒரு கறிவேப்பிலை மரம். ஆனால் அவனுடைய ஐயா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெள்ளாமை அழிந்த வீட்டிடம் அங்கே காரணம் கேட்பதில்லை. அடுத்த விளைச்சல்வரை அயல் பார்த்துக்கொள்ளும். அவர் வண்டிலைப் பூட்டச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஒரு போகம் பிழைச்சதுக்கு ஆரும் காணியை விட்டிட்டுப் போறதோ, தம்பி? நீர் போய்ச் சோதினையை எழுதும்.”

எங்கள் வாசலில் நெல் மூட்டைகள் இறங்கின. அம்மா திகைத்துப் போனார்.

“தம்பி, இதை எந்த மாதம் திருப்பித் தாறது?”

“மாதமோ? உங்களுக்கு விளையேக்க தாங்கோ, அம்மா” என்றான் காலபோகம்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஐயா சுகமாகி வேலைக்குத் திரும்பும்வரை அந்த வண்டில் வந்துகொண்டிருந்தது. என் சோதனைக் கட்டணத்தையும் அவர்களே கட்டினார்கள். நான் தேறினேன். பிறகு அம்மா நெல் வாங்கித் திருப்பி அனுப்பினார். அவர்கள் அளந்து பார்க்காமலே உள்ளே எடுத்துவைத்தார்கள்.

நான் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் காசைப் பற்றிப் பேச இப்போதும் கூப்பிடுகிறார்கள். வட்டி, சேமிப்பு, அம்மாவின் உறைகள் எல்லாம் சொல்வேன். எல்லாமே நல்ல பாடம்தான். ஆனால் வீட்டுக்கு வரும்படி எப்படி வந்ததோ, அப்படித்தான் காசறிவும் ஒருவனுக்குள் படிகிறது என்பதையும் சொல்வேன். கடைசியில் ஒன்று கேட்பேன்: “வரும்படி நின்றுபோனால் யாருடைய வேலிப் படலையைத் திறந்துகொண்டு போவீர்கள்?”

எனக்கு வட்டக்கச்சியில் ஒரு படலை இருந்தது. நான் திறக்க வெட்கப்பட்டு நின்றபோது அதைத் திறந்துவிட்டவன் அவன்.