பனைமேட்டில் வேலையில்லாதார் எண்ணப்பட்ட வரலாறு

வேலையில்லாத் திண்டாட்டம் என்னும் பெரும்பிணியை மூன்றே நாளில் அடியோடு ஒழித்த ஊர் இந்தப் பூலோகத்தில் ஒன்றே ஒன்றுதான். பாரீசு அல்ல, லண்டனும் அல்ல. பாகூர்ப் பக்கத்துப் பனைமேடு! பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில், 1935ஆம் வருஷம், அந்த அற்புதம் நடந்தது. அதை நடத்திவைத்த மகான்களில் ஒருவன் சுப்புராயன் என்கிற கூலியாள். அதற்காக அவன் பெருமைப்பட்டானா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டு வருஷமாக மழை பொய்த்து, ஏரி மேடிட்டு, நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. சிலோன் தோட்டத்துக்கு ஆள் கட்டும் கங்காணி ஆதிமூலம் வாரம் தவறாமல் வந்து, பத்துப் பத்துப் பேராகக் கடலூர் ரயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். சுப்புராயனையும் கூப்பிட்டார். அவன் பெண்சாதி காசம்மாளுக்கு எட்டாம் மாதம். "புள்ளத்தாச்சிய வுட்டுட்டு எங்க வர்றது?" என்று அவன் நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

ஊர் காலியாவதைக் கண்டு சர்க்கார் மனம் கலங்கியது. கலங்கினால் சர்க்கார் சும்மா இருக்குமா? கமிட்டி போட்டது. கமிட்டி நான்கு மாதம் கூடி, கோழி ரசமும் ரொட்டியும் உண்டு, "கனம் பொருந்திய யோசனை" ஒன்றைக் கண்டெடுத்தது. பனைமேட்டில் வேலையில்லாத ஆண்கள் ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் ஏரியைத் தூர்வார உத்தரவாகும். கோடை முழுக்க எல்லாருக்கும் கூலி. ஆனால் முதலில் எண்ண வேண்டும். "எண்ணுகிற வேலையையும் ஏழைகளுக்கே கொடுப்போம்!" என்றார் ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரும் 'மேர்' என்கிற ஊர்த்தலைவருமான உலகநாதன். என்ன தாராள மனசு!

ஆக, ஊரில் சும்மா கிடந்த அறுபத்திரண்டு பேரும் மூன்று நாளைக்கு "எண்ணுநர்" ஆனார்கள். துண்டில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு தகரப் பட்டை. சுப்புராயன் அதைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் குத்திக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து, தெரு நாய்கூட ஒதுங்கி வழிவிட்டது.

விதிகள் கறாரானவை. தன் வீட்டைத் தானே எண்ணக் கூடாது. வேலை இருந்தால் கோடு, இல்லாவிட்டால் வட்டம். பொய் சொன்னால் ஜெயில். சுப்புராயன் பக்கத்து வீட்டு அய்யனாரிடம் போனான்.

"அய்யனாரு, இன்னிக்கு ஒனக்கு வேலை இருக்குதா?"

"இன்னாடா கேள்வி? உன்ன எண்ணத்தான் கெளம்பிகினு இருக்கேன். இருக்குது."

"அப்ப கோடு."

"ஒனக்கு?"

"உன்ன எண்ணிகினு இருக்கேனே, தெரியல?"

"அப்ப ஒனக்கும் கோடு."

இரண்டு பேரும் வெகு திருப்தியாகப் பிரிந்தார்கள். அன்று ராத்திரி சோறு போடும்போது காசம்மாள்தான் கேட்டாள்: "யோவ், வேலையில்லாதவன எண்ண, வேலையில்லாதவன் அத்தினி பேருக்கும் வேலை குடுத்துட்டா, எண்றதுக்கு எவன்யா மிச்சம்?"

சுப்புராயன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். விடிந்ததும் கொம்யூன் பஞ்சாயத்துக் காரியதரிசி அரங்கநாதனிடம் ஓடினான்.

"முசே, நாளாண்ணிக்கு எங்களுக்கு வேலை இருக்காதுங்களே. வட்டம் போட்டுக்கலாங்களா?"

காரியதரிசி காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "நாளாண்ணிக்குன்னு இதுல கட்டம் இல்லியேப்பா" என்று மனப்பூர்வமாக வருந்தினார்.

நான்காம் நாள் கொடியேற்றி, வேட்டு வெடித்து, மேர் முடிவை வாசித்தார். கோடு, அறுபத்திரண்டு. வட்டம், பூஜ்யம்! வேலையில்லாதவனே இல்லாத ஊரில் ஏரியை யாருக்காகத் தூர்வாருவது? யோசனை ரத்தாயிற்று. தகரப் பட்டைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, எல்லாரையும் கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

ஐந்தாம் நாள் சுப்புராயன் கங்காணியோடு கிளம்பினான். காசம்மாள் கட்டுச்சோற்றை நீட்டினாள். "புள்ள பொறந்தா காயிதம் போடச் சொல்றேன். அதுக்குக் கோடு போடுவியா, வட்டம் போடுவியா?" என்றாள். சிரிக்கத்தான் கேட்டாள், இரண்டு பேருக்கும் அழுகைதான் வந்தது.

எல்லைக்கல்லைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை. குடிபெயர்வைத் "தடுப்பதற்காக" கல்லுக்கு இந்தப் பக்கமே பிரெஞ்சு சர்க்கார் ஒரு மேஜை போட்டு, கண்ணையன் என்கிற குமாஸ்தாவை உட்கார வைத்திருந்தது. போகிறவர்கள் எல்லாரும் காரணம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

"காரணம்?"

"வேலையில்லீங்க."

"அதான் ஒழிஞ்சிபோச்சே! மேர் கையெழுத்தே போட்டுட்டாரு. வேற சொல்லு."

சுப்புராயன் தலையைச் சொறிந்தான். "வேற இன்னாத்த சொல்றது? எங்க ஊரு ஆளுங்க அம்மாம் பேரும் சிலோன்லதான் இருக்கானுங்க. போயி எண்ணிட்டு வரேன்னு எழுதிக்குங்களேன்."

எண்ணுவது என்றதும் கண்ணையன் மரியாதையாக எழுந்து நின்றான். "சர்க்கார் அலுவல்" என்று பதிந்து, முத்திரை குத்தி, வழிவிட்டான்.

குடிபெயர்வு பற்றிய அந்த வருஷத்துச் சர்க்கார் அறிக்கை முழுவதிலும் பொய்யில்லாத வரி அது ஒன்றுதான். சுப்புராயனை அனுப்பிவைத்தது சாட்சாத் சர்க்காரேதான்.