குழி டாக்டரும் கோழி அடைகாத்த கிருமியும்

கொடைக்கானலில் பேய்களே பார்த்துப் பயந்த ஒரே மனிதர் எங்கள் குழி டாக்டர்தான். மனிதர்கள் பயந்ததைச் சொல்லவே வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே தபால் குமாஸ்தா. ரோசம்மாக்கா வீட்டில் எனக்கு ஓர் அறை, அடுத்த அறை டாக்டருக்கு. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்குமுன்பே ஊர் அவரை டாக்டராக்கி, முன்னால் ஒரு குழியையும் சேர்த்துக்கொண்டது.

காரணம் உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு மூடுபனி இறங்கி, எதிரே வருகிறவர் முகம் மறையும் நேரத்தில், மனிதர் கல்லறைத் தோட்டத்தில் முழங்காலிட்டுத் தேக்கரண்டியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பார். தோண்டியதை மோந்து பார்ப்பார். பிறகு மெதுவாக, "நீதானா?" என்று கேட்பார். ஒருநாள் காவல்காரர் சூசை பின்னாலிருந்து இதைக் கேட்டுவிட்டார்.

"ஏலே, உள்ள கெடக்கவன்ட்ட பேச்சுக் குடுக்காருலே!" என்று கடைத்தெருவரை கத்திக்கொண்டே ஓடியவருக்கு மூன்று நாள் காய்ச்சல்.

டாக்டர் தேடியது பிணத்தை அல்ல, மண்ணில் வாழும் ஒரு கிருமியை. மற்றக் கிருமிகளைக் கொல்லும் கிருமி. அதிலிருந்து மருந்து எடுக்கலாம் என்பது அவர் ஆராய்ச்சி. சொந்தச் செலவில் படிக்கிறவர் என்பதால் உதவித்தொகை கிடையாது. மதுரையில் அவருடைய கைடு இருந்த ஆய்வுக்கூடத்தில் உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. வருடங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. ஜனவரியில் கமிட்டி முன்னால் கிருமியை உயிரோடு, வளர்ந்த நிலையில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து.

கடிதத்தை நானே கொண்டுவந்து கொடுத்தேன். படித்தார், மடித்தார், "வெரசா வளரணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அறையில் நாங்கள் இருவர்தான். நான் வளர்ந்து முடித்திருந்தேன்.

அந்தக் குளிரில் கிருமி வளர மறுத்தது. சூடுபடுத்தும் பெட்டி வாங்க அவருக்கு வழியில்லை. ரோசம்மாக்காவின் கறுப்புக் கோழி அப்போது அடையில் உட்கார்ந்திருந்தது. கிருமியை இட்டு வாயில் பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்களை டாக்டர் முட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டார். சில நாளில் குழாய்க்குள் வெள்ளைப் பொடி பூத்தது. கூடவே ஒரு மணம் கிளம்பி வீட்டை நிறைத்தது. மழை பெய்த மண்ணின் மணம் என்றார் டாக்டர். புதுக்குழி வெட்டிய வாடை என்றார் ரோசம்மாக்கா. இரண்டும் ஒரே மணம் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முட்டைகள் பொரிந்தன. கோழி குஞ்சுகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழாய்களை அணைத்தபடி எங்களையே முறைத்துக்கொண்டு கிடந்தது.

"டாக்டர் சார், எங்கோழி என்னத்தையோ அடைகாக்குதுங்க. பொரிச்சா என்ன வருமோன்னு ஈரக்கொலை நடுங்குது" என்றார் அக்கா.

கிறிஸ்துமஸுக்குக் கோழி குழம்பாயிற்று. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். டாக்டர் தொடவில்லை. "என் லேபரட்டரிய நான் எப்படிங்க திம்பேன்?" என்றார்.

கோழி போனதும் குழாய்கள் ஒவ்வொன்றாகப் பாழாயின. மிஞ்சிய ஒன்றைத் தன் வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பத்து நாள் அந்தக் கையைத் தூக்கவில்லை. கரும்பலகையில் இடது கையால் எழுதினார்.

கமிட்டி நாளன்று காலை முதல் பஸ்ஸில் அவரும் நானும் மதுரைக்குக் கிளம்பினோம். குளிருக்காக ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். வெளியே பனி, ரோடே தெரியவில்லை. மூன்றாவது வளைவில் அந்த மணம் பஸ் முழுக்கப் பரவியது. பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நின்றது.

"குழி வெட்டுன வாடை அடிக்குதேய்யா" என்றார் ஒரு பெரியவர்.

கண்டக்டர் சீட் சீட்டாக மோந்துகொண்டு வந்து எங்களிடம் நின்றார். "என்னங்க சார் கக்கத்துல?"

டாக்டருக்குப் பொய் வராது. "கல்லறைத் தோட்டத்துல எடுத்ததுங்க. உசுரோட இருக்கு" என்றார்.

பஸ் நின்றுவிட்டது. "ஒண்ணு அதத் தூக்கி எறிங்க. இல்ல, நீங்க எறங்குங்க" என்றார் கண்டக்டர். இறங்கினால் கமிட்டியைப் பிடிக்க முடியாது. கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசிய மனிதர் கண்ணில் அன்றுதான் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

என் போர்வைக்குள்ளிருந்து கை தானாக நீண்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. குழாய் என் கைக்கு வந்தது. அதற்குப் பதிலாக அவர் பையிலிருந்த சாக்பீஸ் டப்பா கைக்குட்டையில் சுற்றியபடி ஜன்னல் வழியே பள்ளத்தில் விழுந்தது.

"வாடை போகலியே?" என்றார் கண்டக்டர்.

"சார் சட்டையில ஒட்டியிருக்குங்க, போகப் போகச் சரியாயிரும்" என்று நான் புளுகினேன்.

மதுரைவரை குழாய் என் வலது கக்கத்தில் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே ஏதோ மூச்சு விடுவதுபோல் தோன்றியது. என் மூச்சா, அதன் மூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கமிட்டி பார்த்தபோது வெள்ளைப் பொடி முன்னைவிடச் செழிப்பாக இருந்ததாம். எண்பதுகளில் அவருக்குப் பட்டம் கிடைத்தது. ஊர் அவர் பெயரிலிருந்து குழியை மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை.

பிறகு ஒரு மூடுபனி நாளில் சூசையே அவருக்குக் குழி வெட்டினார். மண் திரும்பியதும் அதே மணம் எழுந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் என்னை அறியாமல் வலது கையை விலாவோடு இறுக்கிக்கொண்டேன். அவருக்குக் குளிருமே என்றிருந்தது.