எதுக்கும் இருக்கட்டும், மேலே ஒரு காகிதம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வேலை நடக்கும்போது எங்கே இருப்பார்கள் என்றே தெரியாது. முடிந்த பிறகு வந்து நிற்பார்கள். நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால், பின்னாலேயே வந்து பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்ப்பவர், நீங்கள் இறுக்கி மூடிய தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடியையே கழற்றி உங்கள் கையிலேயே கொடுப்பவர், ருசி பார்க்காமலே குழம்பில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிவிட்டுப் போகிறவர். கேட்டால் ஒரே பதில்தான்: "எதுக்கும் இருக்கட்டும்." கெட்டவர்களா? சேச்சே. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாமே. நம்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் இவர்கள். சங்கடமே அதுதான்.

இந்த இனத்தில் முதல் மார்க் வாங்கக்கூடிய ஒருவரைக் காட்டுகிறேன், வாருங்கள். வாண வேடிக்கைக் குண்டு செய்கிற பட்டறையில் மேஸ்திரி. குண்டு என்றதும் மிரள வேண்டாம். வானத்தில் போய்ப் பூவாக விரிகிறதே, அந்தச் சமாசாரம்தான். வெடிமருந்து அடைத்த இரண்டு அட்டைக் கிண்ணங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பந்தாக்கி, அதன்மேல் பசை தடவிய காகிதத்தைச் சுற்றுச் சுற்றாக ஒட்டுவார்கள். எல்லாப் பக்கமும் ஒரே கனமாக ஒட்டினால் பூ வட்டமாக விரியும். ஒரு பக்கம் தடித்துப்போனால், எந்தப் பக்கம் மெலிசோ அந்தப் பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போய்விடும். வானத்தில் அரைப் பூதான் தெரியும். மேஸ்திரிக்கு இது முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

யார் ஒட்டி முடித்த குண்டானாலும் அவர் கைக்கு வந்துதான் போக வேண்டும். வாங்குவார், உருட்டுவார், விரலால் தட்டிப் பார்ப்பார், கண்ணை மூடி ஏதோ பெரிய கணக்குப் போடுகிறவர்போல் நிற்பார். "எல்லாம் சரிதான். எதுக்கும் இருக்கட்டும்" என்பார். உச்சியில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அப்புறம்தான் அவருக்கு மூச்சு வரும். கையால் ஒட்டிய குண்டு எப்படியும் கொஞ்சம் மேடும் பள்ளமுமாகத்தானே இருக்கும்? அதில் இவருடைய துண்டு ஒன்று கூடினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? பூ எப்போதும் ஒரு பக்கம் குறைந்துதான் விரிந்தது. கைவேலை என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

"நான் செத்துப்போயிட்டேன்னு டாக்டர் சொன்னாக்கூட, இவர் ஒரு தடவை மூக்குல கை வெச்சுப் பாத்துட்டுத்தான் அழுவார்" என்பாள் அவர் மனைவி. மேஸ்திரி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய மகளும் அதே பட்டறையில்தான் காகிதம் ஒட்டினாள். நாள் முழுக்கப் பசைச் சட்டியில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் தோலுரிந்து சிவந்து கிடக்கும். சாப்பாட்டில் கை வைத்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவாள். எதிரே உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிவிடுவார். அந்தப் பெண்தான் முதலாளியை நச்சரித்து நச்சரித்து ஒட்டு மெஷின் ஒன்றைக் கொண்டுவர வைத்தாள். குண்டை உருளைகளுக்கு நடுவே வைத்தால் போதும், அது தானாகவே புரண்டு புரண்டு கொடுக்கும். ஈரக் காகித நாடா அலுங்காமல் நலுங்காமல் அதைச் சுற்றிக்கொள்ளும். பசையில் கை வைக்கிற வேலையே இல்லை.

முதலாளி சும்மா சம்மதித்துவிடுகிற ஆளா? "இத பாரும்மா. மெஷினைப் பரீட்சைக்குத்தான் எடுத்திருக்கேன். ஆறு குண்டு ஒட்டு. பூ வட்டமா விரிஞ்சா மெஷின் இங்க, நீ மெஷின்ல. இல்லேன்னா மெஷின் வித்தவன்கிட்ட, நீ பழையபடி பசைச் சட்டிகிட்ட" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மேஸ்திரி வேண்டிக்கொள்ளாத தெய்வமில்லை. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மகள் ஆறு குண்டையும் ஒட்டி, ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டுக் காயவைக்கிற அறையில் வரிசையாக அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள். மேஸ்திரி உள்ளே நுழைந்தார். பார்க்கத்தான் வந்தார், சத்தியமாகப் பார்க்க மட்டும்தான். முதல் குண்டைக் கையில் எடுத்தார். மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஒரு சுருக்கம்கூட இல்லை. இன்னொரு தடவை உருட்டிப் பார்த்தார். இவ்வளவு வழவழப்பாக இருந்தால் மெஷின் எதையோ விட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? இது பெண்ணின் கை விஷயம் ஆயிற்றே. வெறும் மெஷினை நம்பி விட்டுவிட முடியுமா? ஒரு துண்டு நாடாவைக் கிழித்தார், தூரிகையால் பசை தடவினார், உச்சியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். முப்பது வருஷக் கை, ஒட்டினதே தெரியாது. இரண்டாவது, மூன்றாவது என்று ஐந்துவரை வந்துவிட்டார். ஆறாவதை எடுக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். பசைத் தூரிகையைச் சட்டைப்பைக்குள் சொருகிக்கொண்டார்.

"என்னப்பா, சட்டையெல்லாம் ஈரமா இருக்கு?"

"வேர்வைம்மா."

"ஒரு பக்கம் மட்டுமா வேர்க்குது?"

"வயசாகுதுல்ல."

மகள் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். குண்டுகள் காய்ந்து முடிகிறவரை மேஸ்திரிக்குப் பொட்டுத் தூக்கமில்லை. ஐந்து பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் குளிரில் நிறுத்தியதுபோல் ஆறாம் நம்பர் அவர் மனதை அரித்தது. பாவம், அதற்கு மட்டும் யாருமில்லை.

பரீட்சை நாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் ஊருக்கு வெளியே உள்ள வெற்று மைதானத்தில், குண்டை மேலே ஏவுகிற குழாயை நட்டார்கள். முதல் குண்டு சீறிக்கொண்டு மேலே போனது. வெடித்தது. பாதி வானம் சிவப்பு, பாதி வானம் காலி. முதலாளி 'ச்சு' கொட்டினார். இரண்டாவதும் அரைப் பூ. மூன்றாவதும் அதே. ஐந்தாவது வெடித்தபோது முதலாளி மேலே பார்க்கக்கூட இல்லை. மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மேஸ்திரிக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

அந்த நேரத்திலாவது அவர் புத்தியில் ஏதாவது உறைத்தது என்று நினைக்கிறீர்களா? உறைத்தது. நான் ஒட்டியே இந்த லட்சணம் என்றால், ஒட்டாமல் விட்ட ஆறாவது எப்படி இருக்கும்? இதுதான் உறைத்தது. அதற்குள் ஆறாவதைக் குழாயில் இறக்கப் போனார்கள். மேஸ்திரி ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"அது வேணாம் முதலாளி. விட்ருங்க."

"ஏன்யா? கடைசி ஒண்ணுதானே."

"இதுங்களே இப்படின்னா அது இன்னும் மோசமா வரும். எம் பொண்ணு மானம் போயிடும்."

மகள் திரும்பிப் பார்த்தாள். "எல்லாம் ஒரே மெஷின், ஒரே காகிதம், ஒரே நாள்ல ஒட்டினதுதானேப்பா. அது மட்டும் ஏன் மோசமா வரும்?"

"அதுலதான் நான் கையே வைக்கலையேம்மா" என்றார் மேஸ்திரி, அழமாட்டாத குறையாக.

முதலாளி திரும்பி மகளைப் பார்த்தார். மகள் அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அப்ப அது வேர்வை இல்ல" என்றாள்.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னுதாம்மா..."

"அதை ஏத்துங்கடா" என்றார் முதலாளி.

ஆறாவது மேலே போனது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு விரிந்தது, தட்டைக் கவிழ்த்து வைத்துக் கோடு இழுத்ததுபோல் ஒரு வட்டம். எந்தப் பக்கமும் ஒரு பொறி அதிகமில்லை, ஒரு பொறி குறைவில்லை. அவ்வளவு பேரும் வாயைப் பிளந்து நின்றார்கள். "மெஷின் இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதலாளி வண்டியைப் பார்த்து நடந்தார். மேஸ்திரி மட்டும் கடைசிப் பொறி அணைந்த பிறகும் தலையைக் குனியவில்லை. கண்ணில் நீர் கோத்துவிட்டது. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பார்? அவர் கை படாமல் ஒரு குண்டாவது அந்தப் பட்டறையை விட்டுப் போயிருந்தால்தானே?

அவர் தன் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள் அவள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை.

போகிற வழியில் குழாயைப் பட்டறைக்குள் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். மேஸ்திரி இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு, வேறு எங்கோ பார்க்கிறவர்போல் நின்றார். நிற்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மகளுக்கும் தெரிந்தது.

"சரி, இழுத்துப் பாத்துக்குங்க. பூட்டு மட்டும் உங்களுக்கு. மெஷின் பக்கம் வரக்கூடாது."

மேஸ்திரி ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

சிரிக்கிறீர்களா? நல்லது. நம் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார், இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு முகம்கூட இதற்குள் ஞாபகம் வந்திருக்குமே? வரட்டும். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உங்கள் பிள்ளை ஒரு படம் வரைந்து, தானே வண்ணமும் தீட்டி ஓடிவந்து நீட்டியதல்லவா? நீங்களும் வாங்கிப் பார்த்து, "அடடா, ரொம்ப நல்லா இருக்கே" என்று சொன்னீர்களல்லவா? சொல்லிவிட்டுப் பென்சிலைக் கையில் எடுத்தீர்களா, இல்லையா?