கட்டணமும் கட்டினவளும்

டொல்பின் பார்க்க வந்த ஏழு பேரை முன்னால் இருத்திக்கொண்டு, கண்டக்குழிக் கரையிலிருந்து வெகுதூரம் போய், எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஒரு மார்கழிக் காலையில்தான் பஸ்தியான் அந்தப் பெரிய முடிவை எடுத்தான்.

கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. தெற்கே நுரைச்சோலைப் புகைக்கூண்டு மட்டும் பென்சிலால் கீறினதுபோல் தெரிந்தது. மற்றப் பக்கமெல்லாம் வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று ஓர் உல்லாசக் கப்பல், மாடிக்கு மேல் மாடியாக, சத்தமே இல்லாமல் நழுவிப் போனது. அது போய் மறைகிறவரைக்கும் பஸ்தியான் கண் இமைக்கவில்லை. அதற்கிடையில் டொல்பின்கள் கூட்டமாக வந்து, குதித்து, கைதட்டு வாங்கிக்கொண்டு போயே விட்டன.

இருபது வருஷமாக யார் யாரையோ கடலுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறவன் அவன். கட்டின மனைவி யூஜீனியாவை ஒருநாளாவது கூட்டிப்போனதில்லை. கூப்பிட்டால், "உங்கட போட்டில பெற்றோல் மணக்கும்" என்பாள். வருகிற சித்திரையில் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அன்றைக்கு அவளைப் பெற்றோல் மணக்காத ஒரு கப்பலில் ஏற்றுவது. அவளும் தானும் மட்டும். இதுதான் முடிவு.

அடுத்த கிழமையே இரண்டு பேரும் சிலாபத்துக்குப் போய், பயண முகவர் நிலையம் வைத்திருந்த நிஷாந்தினியிடம் பதிந்துவிட்டு வந்தார்கள். கொழும்பில் ஏறினால் மாலைதீவு, கொச்சி, திரும்பவும் கொழும்பு. ஐந்து இரவு. கடலைப் பார்க்க ஒரு குட்டிப் பல்கனியும் இரண்டு கதிரையும் உள்ள அறை. முற்பணம் கட்டியாயிற்று. மிச்சத்தை மாசி முடிவதற்குள் கட்டினால் போதும்.

அதற்குப் பிறகு பஸ்தியான் கரையில் வாழவில்லை. பல் விளக்கும்போது மாலைதீவு தாண்டினான். பாணைப் பிய்த்துச் சம்பலில் தொடும்போது கொச்சியில் நின்றான். பல்கனிக் கதிரையில் யூஜீனியாவின் தலைமயிர் காற்றில் பறந்து அவன் முகத்தில் பட்டது.

"தேத்தண்ணி ஆறுது" என்றாள் யூஜீனியா.

"கொண்டுவந்து தருவாங்க" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

தை மாதம் ஒரு காலை, கனவுக்கு இன்னும் கொஞ்சம் சாயம் பூசலாம் என்று கைப்பேசியில் கப்பலின் படத்தைத் திறந்தவன் திகைத்துப் போனான்.

"யூஜி, கப்பல் விலை இறங்கிட்டு. ஆளுக்கு முப்பதாயிரம் குறைவு."

"நல்லந்தானே."

"என்ன நல்லம்? நாங்க கூடின விலைக்கல்லோ பதிஞ்சிருக்கிறம்."

"நிஷாந்தினிக்கு ஒரு கோல் எடுங்க. இறங்கின விலைக்குத் தரச்சொல்லிக் கேளுங்க."

பஸ்தியான் சிரித்தான். அறியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "பாணை வாங்கிக் கடிச்சுப்போட்டு, அடுத்தநாள் விலை குறைஞ்சா கடைக்காரனிட்ட மிச்சம் கேக்கேலுமா?"

"நாங்க இன்னும் கடிக்கேல்லயே. முழுச் சல்லியும் கட்டேல்லயே."

"சீட் வியாபாரம் எனக்குப் படிப்பிக்காத. என்ர போட்டில எட்டு சீட். ஆட்கள் வந்து குவிஞ்சா விலைய ஏத்துவன். வெளிக்கிடுற நேரம் ஒரு சீட் வெறுமையா கிடந்தா அரை விலைக்கும் குடுப்பன். ஏன்? வெறும் சீட்டைக் கடலுக்குக் கொண்டுபோனா அது வெறும் சீட்டாத்தான் திரும்பி வரும். கப்பலும் அப்பிடித்தான். அறை நிரம்பேல்ல, அதான் இறக்குறான். இன்னும் இறக்குவான்."

"நிரம்பினா?"

"நிரம்பாது."

"ஆரு சொன்னது?"

"கடல்ல நிக்கிறவன் நான்."

யூஜீனியா மீன் செதில் உரிக்கப் போய்விட்டாள். வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ்தியான் கரைக்கு நடந்தான். நடக்கும்போதே திட்டம் பிறந்தது. பதிவைச் சத்தமில்லாமல் கென்சல் பண்ணுவது. கப்பல் வெளிக்கிடுகிற கிழமை அரை விலைக்கு அள்ளுவது. மிஞ்சின சல்லிக்கு யூஜிக்கு ஒரு தங்கச் சங்கிலி வாங்கி, பல்கனியில் வைத்துக் கழுத்தில் போடுவது. அந்தச் சங்கிலி மாலை வெயிலில் மினுங்கினது அவனுக்கு அப்போதே தெரிந்தது.

படகில் சாய்ந்துகொண்டு நிஷாந்தினியைக் கூப்பிட்டான்.

"கென்சலா? பிறகு விலை ஏறினா என்னைக் குறை சொல்லக்கூடா அண்ணே."

"ஏறாது தங்கச்சி. முற்பணம் உங்களிட்டயே கிடக்கட்டும். பிறகு கழிச்சுக்கொள்ளுவம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவக்கு இந்தக் கணக்கெல்லாம் விளங்காது."

"சரி அண்ணே, நான் பாக்கிறன்" என்றாள் நிஷாந்தினி.

மறுகிழமை விலை இன்னும் கொஞ்சம் இறங்கினது. பஸ்தியான் படகோட்டும்போது பாட்டுப் பாடினான். கூட வேலை செய்த கில்பட்டைக் கூப்பிட்டு, கட்டணம் என்பது அலை மாதிரி, ஏறினது இறங்கத்தான் வேணும் என்று விளக்கினான். இறங்கினது ஏறவும் வேணும் என்பதைக் கில்பட் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மாசியில் ஏறினது. பள்ளிக்கூட விடுமுறையாம். கொழும்பில் ஒரு கல்யாணக் கூட்டம் நாற்பது அறையை மொத்தமாக எடுத்ததாம். காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. தான் அடிக்கடி பார்க்கிறதைக் கண்டுதான் கப்பல்காரன் ஏற்றுகிறான் என்று பஸ்தியானுக்குச் சந்தேகம் வந்தது. கில்பட்டின் கைப்பேசியை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். இரண்டாயிரம் கூடியிருந்தது. திரும்ப இறங்கும் என்று அவன் காத்துக்கொண்டிருக்க, பங்குனி நடுவில் பல்கனி அறை தீர்ந்தது. பிறகு ஜன்னல் அறை. பிறகு ஜன்னலே இல்லாத அறையும்.

இப்போதும் அவன் கண்ணை மூடினால் கப்பல் வந்தது. ஆனால் நிற்கவில்லை. பல்கனியில் யாரோ இரண்டு பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, கீழே சின்னப் படகில் நின்ற அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் தையல் மெஷின் சத்தம். சிலாபத்திலிருந்து யூஜீனியாவின் அக்கா அனஸ்தாசியா வந்து, பயணத்துக்குச் சட்டை தைக்கக் கூடமாட நின்றாள். நீலத்தில் பூப் போட்ட துணி. "கப்பல்ல பின்னேரத்துக்கு இது நல்லா இருக்கும் என்ன?" என்று யூஜீனியா விரித்துக் காட்டினாள். பஸ்தியான் துணியைத் தொடாமல் தலையை மட்டும் ஆட்டினான். இருபத்தைந்து வருஷத்தில் அவள் கேட்காமல் அவன் கொடுக்க நினைத்த ஒரே பொருள் இந்தப் பயணம்தான். அதையும் அவனே எடுத்துக் கடலில் போட்டுவிட்டான்.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பொறுக்க முடியாமல் அவள் முன்னால் போய் நின்றான்.

"யூஜி, கப்பல்ல எங்களுக்கு இடமில்ல."

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "ஏன்?"

கென்சலிலிருந்து கல்யாணக் கூட்டம் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னான். சங்கிலியைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"தெரியும்" என்றாள் யூஜீனியா.

"என்ன தெரியும்?"

"நீங்க கோல் எடுத்த அண்டே நிஷாந்தினி எனக்கு எடுத்தா. பதிவு ரெண்டு பேர்ட பேரிலயுமாம். ஒரு ஆள் சொல்லிக் கென்சல் பண்ணேலாதாம். பண்ணாத எண்டு நான் சொன்னன். இறங்கின விலைக்குத் தரச்சொல்லிக் கேட்டன். தந்தாங்க."

"கேட்டாத் தருவாங்களா?"

"மிச்சச் சல்லி கட்டுற தவணைக்கு முந்திக் கேட்டாத் தருவாங்களாம். கேக்காட்டித் தாங்களாச் சொல்லமாட்டாங்களாம். அடுத்த கிழமை இன்னும் இறங்கிச்சு. இன்னொருக்காக் கேட்டன்."

"பிறகு ஏறினது?"

"அது புதுசா வாங்குறவங்களுக்கு. எங்களுக்கென்ன? மாசி முடிய முந்தி மிச்சத்தையும் கட்டிட்டன். டொல்பின் சல்லிய நீங்க அலுமாரியிலதானே வைக்கிறீங்க."

பஸ்தியான் கதிரையில் விழுந்தான். கண்ணை மூடினான். போன கப்பல் மெல்லத் திரும்பி, அவன் பக்கத்தில் வந்து நின்று, ஏணிப்படியை இறக்கினது. பல்கனி. இரண்டு கதிரை. மாலை வெயில்.

"அப்ப நீயும் நானும்..." என்றான்.

"அக்காவும்" என்றாள் யூஜீனியா. "ஒரே அறையில மூண்டாவது ஆளுக்குச் சல்லி குறைவாம். இறங்கினதில மிஞ்சினது அதுக்குச் சரியாப் போச்சு."

நீலத்தில் பூப் போட்ட இரண்டாவது சட்டையைத் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்த அனஸ்தாசியா, அவனைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

பஸ்தியான் கேட்டான். "கட்டில் எத்தினை?"

"பெரிய கட்டில் ஒண்டு. அது எனக்கும் அக்காவுக்கும். உங்களுக்கு மேல, சுவரிலயிருந்து இழுத்து விரிக்கிற தட்டு ஒண்டு இருக்காம்" என்றாள் யூஜீனியா, ஊசியில் நூல் கோத்தபடி. "ஏறி இறங்குறதப் பற்றித்தான் உங்களுக்கு எல்லாம் தெரியுமே."