நாடா வைத்த லுங்கி

ஒரு வார காலம் நான் பாவாடை கட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் கடைத்தெருவில் பட்டப்பகலில் உலாவியிருக்கிறேன். நாடகத்துக்காக அல்ல, பந்தயத்துக்காகவும் அல்ல. சொந்த புத்தியில், தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக் கட்டினேன். (அன்று யாராவது அதைப் பாவாடை என்றிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது வயதாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.)

எண்பதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸில் வேலை. ஷிப்டுக்குப் பேன்ட் கட்டாயம். அதற்கான பெல்ட்டில் ஆணியால் நாலு ஓட்டை கூடுதலாகப் போட்டிருந்தேன். எனக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. தோளில் தொடங்கிக் கணுக்கால் வரை ஒரே அளவாக இறங்கிவிட்ட உடம்பு. வீட்டுக்கு வந்து லுங்கி கட்டினால் நடந்தால் நழுவும், தும்மினால் அவிழும். ஒருமுறை ரேஷன் கடையில் இரண்டு கையிலும் பையோடு நின்றபோது நடந்ததை எழுத மாட்டேன்.

பச்சை பெல்ட் போட்டிருக்கலாமே என்பீர்கள். லுங்கிக்கு மேல் லாரி டிரைவர்கள் கட்டுவார்களே, பர்ஸ் வைத்த அகல பெல்ட், அதுதான். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவன் போய் அதைக் கட்டுவதா என்று எனக்கு வீம்பு.

அப்போதுதான் கொடியில் காய்ந்த தங்கையின் உள்பாவாடையைப் பார்த்தேன். அதில் நாடா இருந்தது. இத்தனை வருடமாக எந்த ஆம்பளைக்கும் இது தோன்றவில்லையே என்று உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மஸ்தான் பாயின் தையல் கடை. புது நீலக் கட்டம் போட்ட லுங்கியோடு போனேன்.

"இன்னா ஜெயசீலா, மூட்டணுமா?"

"மூட்டிட்டு, மேல நாடா வெச்சுத் தெச்சுக் குடுங்க பாய்."

பாய் மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாடா வெச்சா அது பாவாடைப்பா."

"இல்ல பாய். நாடா லுங்கி."

"உன் துணி, உன் இடுப்பு. எனக்கு இன்னா வந்துது."

மறுநாள் வாங்கிப் பார்த்தால், கீழே சுற்றிலும் சுருக்கு வைத்து ஃபிரில் அடித்திருந்தார். கேட்டதற்கு, "நாடா வெச்சதும் கை தானா அங்க பூட்ச்சுப்பா" என்றார். கட்டினேன். இடுப்பில் கொசகொசவென்று சுருக்கம், கீழே குடை மாதிரி விரிப்பு. ஆனால் குதித்துப் பார்த்தேன், நழுவவில்லை. சைக்கிள் ஓட்டினேன், நழுவவில்லை. டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்களுக்கு விளக்கம் சொன்னேன். உள்ளே போடும் பட்டாபட்டி டிரவுசரைக்கூட, இனி எதற்கு என்று பெட்டியில் வைத்துவிட்டேன். இந்த இடத்தை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் ஸ்டெல்லா. அத்தை மகன் கல்யாணத்தில் சர்ச்சில் பார்த்து, அன்றிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தேன். (இருந்த கொஞ்சம் இடுப்பும் அதில்தான் போனது என்பாள் அம்மா.) அவள் அப்பா ஞானமுத்து வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபோர்மன், கறாரான மனிதர். என் போட்டோவைப் பார்த்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருவதாகப் பேச்சு.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் மழை பெய்து விட்டிருந்தது. கடைத்தெருவெல்லாம் சேறு. லுங்கியை மடித்துக் கட்டலாமென்றால் ஃபிரில் வைத்த துணி இடுப்பில் நிற்கவில்லை. ஓரத்தைத் தூக்கி, நாடாவின் நுனிகளாலேயே சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டேன். என் மூளையை நானே மெச்சியபடி டீக்கடை வாசலில் நின்றேன்.

காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது. டீக்காக இறங்கியவர்களில் முதல் ஆள் ஞானமுத்து. ஜன்னலோரத்தில் ஸ்டெல்லா.

பெரியவர்களைப் பார்த்தால் மடித்துக் கட்டியதை இறக்கிவிட வேண்டும். எந்தப் போக்கிரியும் மீறாத மரியாதை அது. பெண் கொடுக்கப் போகிறவர் முன்னால் முழங்கால் தெரிய நிற்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? "ஸ்தோத்திரம் ஐயா" என்றபடி ஓரத்தை இழுத்தேன். வரவில்லை. ஈர ஓரத்தோடு சேர்ந்து நனைந்த நாடா கல்லாக இறுகியிருந்தது. இழுக்க இழுக்க முடிச்சு இன்னும் இறுகி மூச்சு முட்டியது. ஆண்டவரே, இருபத்துமூன்று வருடம் கேட்காமலே அவிழ்ந்த லுங்கி, அவிழ வேண்டிய அன்று அவிழவில்லை!

ஞானமுத்து என் முழங்காலைப் பார்த்தார். ஃபிரிலைப் பார்த்தார். "நீ ஜெயசீலன்தானே?"

"ஆமாங்க ஐயா."

"இது இன்னாது, பாவாடையா?"

ஊரே காத்திருந்தது. ஒரு வாரமாக மறுத்து வந்தவன், "ஆமாங்க ஐயா" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

அவர் திரும்பி பஸ்ஸை நோக்கி இரண்டடி வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று பதறிப்போய் இரண்டு கையாலும் முடிச்சைப் பிய்த்தேன். சட்டென்று திரும்பினார்.

"டேய், இழுக்காத! ஜாம் ஆனத இழுத்தா இன்னும் கடிக்கும்னு தெரியாது? கைய எடு!"

அவர் இப்போது ஃபோர்மன். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, சேற்றில் என் முன்னால் குந்தினார். டீக்கடையிலிருந்து ஒரு ஸ்பூன் வாங்கி, அதன் காம்பை முடிச்சுக்குள் விட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெம்பினார். எதிர்க்கடையிலிருந்து மஸ்தான் பாய் அளவு டேப்போடு ஓடி வந்தார். "தெய்யல்ல ஒரு குத்தமும் இல்ல சார்! முடிச்சு அவன் போட்டது!"

முடிச்சு அவிழ்ந்தது. ஒன்றல்ல, இரண்டும் சேர்ந்தே அவிழ்ந்தன. மடித்த ஓரம் மரியாதையாகக் கணுக்கால்வரை இறங்கியது. அதன் பின்னாலேயே மேல்பாகமும் புறப்பட்டது. ஞானமுத்து இரண்டு கையாலும் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"உள்ள டிரவுசர் கீதா?" என்றார் காதோடு.

"இல்லீங்க ஐயா."

அவர் பிடியை இன்னும் இறுக்கினார். கண்டக்டர் விசில் அடித்தார். "சார், வர்றீங்களா, வண்டி எடுக்கணும்!"

"கொஞ்சம் இருப்பா! வுட்டா மானம் பூடும்!"

"யார் மானம் சார்?"

"ரெண்டு பேர்துந்தான்யா!"

பாய் நாடாவைத் தேடிப் பிடித்துக் கட்டும் வரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஸ்டெல்லா ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்ததை, பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரி எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

வீட்டில் போய் அவர், "வேணான்னு சொல்லிடறேன்மா" என்றாராம். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தவள், "இன்னாப்பா நீ, அவ்ளோ நேரம் புடிச்சிகினு இருந்துட்டு இப்ப வுடறேன்ற?" என்றாளாம்.

கல்யாணத்தன்று மாமனார் மோதிரத்தோடு ஒரு பொட்டலமும் கொடுத்தார். பிரித்தால், பச்சை பெல்ட். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை வந்தாலும் மோதிரத்தோடு ஒரு பச்சை பெல்ட் போவது சம்பிரதாயமாகிவிட்டது. போன வருடம் என் மகளின் கல்யாணத்தில், என் கையாலேயே அதை எடுத்துக் கொடுக்க வேண்டி வந்தது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு மாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"உக்காருங்க மாப்ள. அப்ப உங்க மாமாகிட்ட ஒரு பாவாடை இருந்துச்சு..."