குஸ்கா சண்டையும் எங்கள் 'நீங்களே' பாஸ்டரும்

பெங்களூரில் தமிழ்ச் சபைகளை மேய்த்த போதகர்களில் எங்கள் 'நீங்களே' பாஸ்டரைப் போல ஒரு சோம்பேறி பிறந்ததில்லை. அவரைப் போல ஊரையே வேலை வாங்கியவரும் பிறந்ததில்லை. இரண்டும் ஒரே ஆள்தான்.

இப்போது போதகர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி என்று வைட்ஃபீல்ட் பக்கம் ஏசி ஹாலில் உட்காரவைத்து, திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள். என் தம்பி மகனும் ஒரு சபையில் பாஸ்டர்தான். போய்விட்டு வந்தான். என்னடா கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், அங்கே கொடுத்த துணிப்பையைக் காட்டுகிறான். எனக்கு எரிகிறது. தொண்ணூறுகளில் ஆஸ்டின் டவுனில், ஓடு போட்ட எங்கள் சின்ன சர்ச்சில், ஒரு மனுஷன் இதையெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்து காட்டினார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. என்ன புகார் போனாலும் அவர் சொல்லும் பதில், "நீங்களே பாத்துக்கோங்க." அந்தப் பெயரே நின்றுவிட்டது.

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அவர் வந்த முதல் ஞாயிறே, ஆராதனை முடிந்ததும் போய் நின்றேன்.

"என்ன பாஸ்டர் இது, மைக்கா நாயா? ஒரே ஊளை!"

"அப்படியா பிரதர்? எனக்குக் கேக்கவே இல்லியே. காதுள்ளவர் நீங்கதான். நீங்களே பாத்துக்கோங்க."

மைக் என் தலையில் விழுந்தது. அடுத்து, கேட்டை மறித்து ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள் என்று கத்தினேன். ஸ்கூட்டர்களும் எனக்கே வந்தன. கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று கத்தினேன். அதுவும் வந்தது. என் மனைவி வீட்டில் சிரித்தாள்.

"வாய மூடிக்கிட்டு ஜெபம் பண்ணியிருந்தா இவ்ளோ வேலை வந்திருக்குமா? போங்க, குழாய் கூப்பிடுது."

சொன்னவன் மாட்டுவான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பாதிப் பேர் சொல்லாமலேயே சரிசெய்ய ஆரம்பித்தார்கள். எரியாத பல்பை மாற்றிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திருடன் மாதிரி நழுவுவார்கள். மற்ற சர்ச்சுகளில் கமிட்டி கூட்டம் சாயங்காலம் முழுக்க நடக்கும், நாற்காலி பறக்கும். எங்கள் கூட்டத்தில் யாரும் வாயே திறக்கமாட்டார்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஸ்டீபன் என்று ஒரு பெரியவர் மட்டும் துணிந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"பாஸ்டர், பிரசங்கம் ரொம்ப இழுக்குது. முதுகு வலிக்குது."

"எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியறதில்ல சார். நீங்களே பாத்துக்கோங்க. முன் பெஞ்சில உக்காருங்க. போதும்னு தோணிச்சுன்னா கைக்குட்டையத் தூக்கிக் காட்டுங்க, நிறுத்திடறேன்."

பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை. சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு யோனாவின் கதை. பெங்களூர் டிசம்பர் குளிர், பெரியவருக்குச் சளி. பாஸ்டர் யோனாவைக் கப்பலில் ஏற்றி, கடலில் தள்ளி, மீன் வாயைத் திறந்து விழுங்கும் நேரத்தில் பெரியவருக்குத் தும்மல் வந்தது. கைக்குட்டையை எடுத்தார். "ஆமென்," என்று பாஸ்டர் இறங்கிவிட்டார்.

வேதத்தில் யோனா மீன் வயிற்றில் இருந்தது மூன்று நாள். எங்கள் சபையில் அவர் அடுத்த ஞாயிறு வரைக்கும் உள்ளேயே கிடந்தார். வாரம் முழுக்கப் பிள்ளைகள் பெரியவர் வீட்டு வாசலில் நின்று, "தாத்தா, அவர எப்ப வெளிய விடுவீங்க?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு பெரியவர் பிரசங்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பாஸ்டரும் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டார்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போனது, கிறிஸ்மஸ் விருந்து வரும்வரை.

எங்கள் சபையில் பாதிக் குடும்பங்கள் ஆஸ்டின் டவுன், மீதி விவேக் நகர். அந்த வருஷம் விருந்துப் பொறுப்பு ஆஸ்டின் டவுன்காரர்களான எங்களுடையது. பாடகர் குழு முழுக்க விவேக் நகர். அவர்கள் அங்கியைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு வருவதற்குள் முதல் பந்தியில் எங்கள் ஆட்கள் அண்டாவின் அடிவரை போய்விட்டார்கள். இரண்டாம் பந்திக்குக் கறி இல்லை. குஸ்காதான், அதாவது மசாலா வாசனை மட்டும் உள்ள வெறும் பிரியாணிச் சோறு.

விவேக் நகர்க் கோஷ்டிக்குத் தலைவர் தர்மராஜ். என் மனைவியின் அண்ணன், கட்டட கான்ட்ராக்டர், எனக்குச் சமமான கோபக்காரர். புகார் சொன்னால் அடுத்த விருந்து தன் தலையில் விழும் என்று மச்சானுக்குத் தெரியும். அதனால் அவர் புகாரே சொல்லவில்லை. நேராகப் போய்த் தனிச் சபை நடத்த ஒரு ஹாலைப் பேசிவிட்டார். புத்தாண்டு முதல் விவேக் நகர்க்காரர் யாரும் வரமாட்டார் என்று தகவல் வந்தது.

பாடகர் குழு போகும், பாதி பெஞ்சு காலியாகும் என்பதெல்லாம் இருக்கட்டும். என் மனைவி சமைப்பதை நிறுத்திவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள். "எங்கண்ணன் ஒரு சர்ச், நான் ஒரு சர்ச்சா? ஒரே நாள்ல ஞானஸ்நானம் வாங்கினவங்க நாங்க."

நான் பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன்.

"சபை ரெண்டா உடையுது பாஸ்டர், நீங்க கொட்டாவி விடறீங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதுவும் என் தலையில் என்று காத்து நின்றேன். அவர் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. செருப்பை மாட்டினார்.

"ஸ்கூட்டர எடுங்க பிரதர்."

தர்மராஜ் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வாங்க பாஸ்டர். சமாதானம் பேச வந்தீங்கன்னா சும்மா டைம் வேஸ்ட்."

"சமாதானமெல்லாம் இல்ல பிரதர். ஒரு புகார் சொல்ல வந்தேன்."

"புகாரா? நீங்களா?"

"கிறிஸ்மஸ் அன்னைக்கு எனக்கு பிரியாணி வரல."

"எங்களுக்கு மட்டும் வந்துச்சா? குஸ்கா போட்டானுங்க, குஸ்கா!"

"குஸ்காவாவது வந்துச்சே பிரதர். எனக்கு அதுவும் வரல."

விசாரித்தால், பாஸ்டரம்மா கோலாரில் அம்மா வீட்டில். இவர் விடியற்கால ஆராதனையிலிருந்து தொடர்ந்து நின்ற களைப்பில் சர்ச் பின்னறையில் தூங்கிவிட்டார். எழுந்து வந்தபோது அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

தர்மராஜின் மனைவி ஸ்டெல்லா உள்ளேயிருந்து வேகமாக வந்தார். "அப்போ என்னதான் சாப்பிட்டீங்க பாஸ்டர்?"

"பேக்கரில ஒரு பன் வாங்கிக்கிட்டேன் சிஸ்டர். நல்ல பன்."

ஸ்டெல்லா புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? பாஸ்டர் கிறிஸ்மஸுக்கு பன் தின்னிருக்காரு. நீங்க குஸ்காவுக்கு சர்ச்ச ஒடைக்கறீங்க. வெக்கமா இல்ல?"

"ஆஸ்டின் டவுன்காரனுங்க குடுத்திருப்பானுங்கன்னு நெனச்சேன்டி!"

"நீங்க குடுத்திருப்பீங்கன்னு நாங்க நெனச்சோம் மச்சான்," என்றேன் நான்.

பாஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணையேதான் நெனச்சிருக்கீங்க. இதுக்கு மேல என்ன ஒற்றுமை வேணும்?"

ஸ்டெல்லாதான் முதலில் சிரித்தார். தர்மராஜ் சிரிக்காமலிருக்க மீசையைப் பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எங்களை உட்காரவைத்து, முட்டை பொரித்து, பாஸ்டர் போதும் போதும் என்று தட்டை மறைக்க மறைக்கச் சோறு போட்டார்கள். கை கழுவும்போது மச்சான் உறுமினார்: "புத்தாண்டு விருந்து என்னுது. ஒரு ஆஸ்டின் டவுன்காரன் அண்டாவத் தொடட்டும், பாத்துக்கறேன்."

பாஸ்டர் கொட்டாவி விட்டார். அவர் சொல்லாமலேயே வேலை போய்ச் சேர்ந்துவிட்டது. ஹாலை ஏதோ கல்யாண வீட்டாருக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

புத்தாண்டு அன்று, குறைந்துவிடுமோ என்ற பயத்தில் மச்சான் ஊருக்கே ஆக்கிவைத்திருந்தார். சர்ச் காம்பவுண்டில் அண்டாக்கள் லாரி மாதிரி வரிசையாக நின்றன. ஆட்டோ ஸ்டாண்ட் டிரைவர்கள், பூக்காரம்மா, எதிர்க்கடை பாய் எல்லாருக்கும் அழைப்பு போயிருந்தது. ஜெபம் முடிந்தது. ஜனம் பந்திக்குப் பாய்ந்தது. மச்சான் கரண்டியை நீட்டி மறித்தார்.

"ஒருத்தரும் உக்காரக்கூடாது. மொதல்ல பாஸ்டர்."

"எல்லாரும் சாப்பிடட்டும் பிரதர், நான் அப்புறம்..."

"அதெல்லாம் முடியாது. உக்காருங்க பாஸ்டர்!"

நீளமான பாயில் அவர் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தார். ஸ்டெல்லா இலை போட்டார். என் மனைவி தண்ணீர் வைத்தாள். மச்சான் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். ஆஸ்டின் டவுனும் விவேக் நகரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. மனுஷன் கூச்சத்தில் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒவ்வொரு பருக்கையாக மென்றார். எனக்கானால் காலையிலிருந்து பட்டினி, வாசனை வேறு ஆளை இழுக்கிறது. வேறு யாராவது இருந்திருந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்கு, இன்னும் கொஞ்ச நேரம் மெதுவாகவே சாப்பிடட்டும் என்று இருந்தது.