தேத்தாங்கொட்டையும் புதுத் தொட்டியும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அதனால் 'தெரியாது' என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை. கழிவுநீரைச் சுத்தம் செய்து கரும்புத் தோட்டத்துக்கே திருப்பிவிடும் நிலையத்தை விரிவாக்கி, புதுத் தொட்டி ஒன்று கட்டியிருந்தார்கள். நான் பயிற்சிக் கெமிஸ்ட். தொட்டி ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வீடு.

தொட்டிக்கு 'விதை' ஏற்றிவர லாரியோடு போன இன்ஜினியர், இட ஒதுக்கீட்டு மறியலில் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார். ரோடு நெடுக வெட்டிப்போட்ட மரங்கள். அங்கிருந்து போன் செய்தார்.

"லாரி வராதும்மா. உள்ளூர்லயே விதை பாத்துப் போட்டுடு. உங்க ஊர்ல இல்லாததா?"

"ஆச்சு சார்!" என்றேன். (என்ன விதை என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நான் படித்தவளா?)

அப்பாவிடம் மட்டும் நைசாகக் கேட்டேன். "தண்ணிய தெளிய வெக்கிற வெத இன்னாப்பா?"

"தேத்தாங்கொட்டதான். பானையில ஒரசி வுட்டா கலங்கல் அடியில தங்கிடும். கல்வராயன் மலையில மூட்ட மூட்டயா கெடைக்கும்."

மூன்று மூட்டை வரவழைத்தேன். தொட்டியைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு கருங்கல் கொடுத்து உரசச் சொன்னேன். மூன்றாம் நாள், வாடகை சைக்கிளை மரத்துக்கு மரம் தூக்கித் தாண்டி இன்ஜினியர் வந்து சேர்ந்தார்.

"இன்னாம்மா, பிரசவ மருந்து அரைக்கிறீங்களா?"

"விதைங்க சார்."

அவர் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "விதைன்னா கிருமிம்மா! அழுக்கத் தின்ற கிருமி. ஓடிக்கினு இருக்கிற தொட்டிச் சேத்துல இருக்கும். இல்லன்னா மாட்டுச் சாணியில!"

உரசிக்கொண்டிருந்த பச்சையம்மாக்கா கல்லைக் கீழே வைத்தார். "சாணியா? எங்க வூட்டாண்ட மலையாட்டம் கெடக்குதே. இதுக்கு ஏங் கண்ணு அந்த மலைக்குப் போன?"

பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொட்டைகள் உருண்டன.

"திங்கக்கிழமைக்குள்ள கரைச்சு ஊத்து. அப்பறம் பாக்கலாம், உன் வேலைய," என்றார் இன்ஜினியர்.

சாணியிலிருந்து தப்பிக்கத்தானே படித்தேன்! கஞ்சி போட்ட புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கைவரை சாணியோடு நாலு நாள் நின்றேன். அம்மா கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். முகத்தில் அப்படியொரு திருப்தி. ஒரு மாதத்தில் தண்ணீர் தெளிந்தது. வேலையும் நிலைத்தது.

அடுத்த வருடம் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு இன்னா வேல பாக்குதுங்க?" என்றார்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"சாணி கரைக்குதுங்க. அதுக்கே பதினஞ்சு வருசம் படிக்க வெச்சேன்."

அப்படியும் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் வாசலுக்குச் சாணி தெளிக்க வேண்டுமென்றால், மாமியார் வாளியை வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"படிச்சவங்க யாராச்சும் வாங்கம்மா!"